அத்தை விசாரித்ததாக

அக்டோபர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயணத்தில் கழுத்து மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறீர்களா, இல்லை பழைய வீராப்புதானா? அத்தை சௌக்கியமா? நான் கிளம்பும்போது அத்தை தூங்குவதாகவும் எழுப்ப வேண்டாம் என்றும் சொன்னீர்கள். சொல்லிக்கொள்ளாமல் வந்தது உறுத்தலாகவே இருக்கிறது.

இங்கே செல்போன் எடுக்காது. தேசியப் பூங்காவின் ஜீப் வாரத்துக்கு ஒரு தடவை டவுனுக்குப் போகும்போது தபால் பையையும் கொண்டுபோகிறது. அதனால் இனி நமக்குள் கடிதம்தான்.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நிலம் கடலுக்குள் நீளமாகப் போகிறது. பாதி வழியில் ஓரிடம் அவ்வளவு ஒல்லி. ஜீப்பின் இரண்டு பக்க ஜன்னலிலும் கடல். அதற்குக் கழுத்து என்று பெயர். கழுத்தைத் தாண்டினால் முனை. என் அறை முனையில், பழைய ராணுவக் குடியிருப்பில். ஜன்னல் திண்டில் சம்மணம் போட்டு உட்காரலாம், சுவர் அவ்வளவு தடிமன். போர்க்காலத்தில் இங்கே பீரங்கி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் மீனவர் வீடுகள் இருந்தனவாம். ஒரே வாரத்தில் எல்லாரையும் காலி செய்யச் சொல்லிவிட்டு, வருஷக்கணக்கில் கடலைப் பார்த்துச் சுட்டுப் பழகியிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. முனையின் மணல்திட்டு முழுக்க வெள்ளை. முதலில் உப்பு காயவைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அத்தனையும் ஆலா. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் மாதிரி வால் உள்ள சின்னக் கடற்பறவை. மணலில் பள்ளம் பறித்து அதிலேயே முட்டையிடும். பீரங்கிச் சத்தத்தில் போனவை திரும்பவே இல்லை. அவற்றைத் திரும்ப வரவழைப்பதுதான் என் வேலை. பூங்கா அதிகாரி ஒரே ஒரு பருவம் கொடுத்திருக்கிறார். வந்தால் திட்டு பறவைக்கு; வராவிட்டால் அடுத்த வருஷம் முதல் சுற்றுலாக் கார்களுக்கு.

ஆலா தன் இனத்தைப் பார்த்தால்தான் இறங்கும். அதனால் மரத்தில் பொம்மைகள் செய்து திட்டில் வைக்கப்போகிறோம். இங்குள்ள எலக்ட்ரீஷியன் ரம்பம் வைத்து அறுத்துக் கொடுத்துவிட்டார். அவரைப் பெயின்ட் அடிக்கச் சொன்னால், தனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது என்கிறார். வயரிங் செய்பவர் இதைச் சொன்னால் பயமாக இருக்காதா? அதனால் பொம்மைகளைப் பார்சலில் உங்களுக்கு அனுப்புகிறேன், படத்தோடு. பஸ் ஓட்டி ரிட்டையரான மனிதருக்குப் பொழுது போகவில்லை என்று நீங்கள்தானே புலம்பினீர்கள். பால்கனிக் கம்பிக்கு அடித்த மாதிரி சொட்டச் சொட்ட அடிக்க வேண்டாம்.

அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்பு மருமகள்

&nbsp;

நவம்பர் 20

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதமும் கட்டையும் வந்து சேர்ந்தன. நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் அதன் இஷ்டப்படி நடக்கிறது, நானும் கூடவே நடக்கிறேன். உன் அத்தை உன்னை நிறைய விசாரித்தாள். கண்ணு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா, கடல்காற்றில் தலையை மூடிக்கொள்கிறாளா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

பால்கனியில் செய்தித்தாள் விரித்துப் பெயின்ட் வேலை நடக்கிறது. கீழ் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, என்ன சார், வாத்துப் பண்ணையா என்றார். ஆலா என்றேன். அப்படி ஒரு வாத்தா என்றார். விட்டுவிட்டேன். வெள்ளை அடிப்பது சுலபம், தொப்பியும் பரவாயில்லை. கண்தான் உயிரை எடுக்கிறது. நான் வைத்த கண்ணெல்லாம், பிரேக் பிடிக்காத பஸ்ஸைப் பார்த்த மாதிரி முழிக்கிறது.

நம் பையன் நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கும் நினைவிருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேதி வந்தபோது அலமாரியைத் திறந்து அவன் சட்டைகளைத் தட்டி மடித்து வைத்தேன். இருந்த ஊரை விட்டு நீ ஒரு வேலைக்குப் போனது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன். உனக்குப் பெற்றவர்கள் இல்லை என்பதால் இதை நான்தான் சொல்ல வேண்டும்: யாருக்காகவும் அந்த வேலையை விடாதே.

குளிர் வந்துவிட்டது. உனக்காக உன் அத்தை கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். பொம்மைகளோடு சேர்த்து அனுப்புகிறேன்.

நிறக்குருட்டு எலக்ட்ரீஷியனிடம் ஜாக்கிரதையாக இரு. அதாவது, சுவிட்ச் போடும்போது.

ஆசிகளுடன்,
மாமா

&nbsp;

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு நான் பொறுப்பல்ல. டிசம்பர் முழுக்கப் புயல். கழுத்தில் ரோடு அறுந்து கடலோடு போய்விட்டது. ஜீப் இந்தப் பக்கம், டவுன் அந்தப் பக்கம். ரோடு போட்ட பிறகுதான் உங்கள் பார்சல் கைக்கு வந்தது. நான் நலம். அங்கே குளிர் எப்படி?

காலுறை கச்சிதமாக இருக்கிறது. அத்தைக்குப் பின்னல் தெரியும் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. என் நன்றியைச் சொல்லுங்கள்.

பொம்மைகளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், சந்தோஷமாகத்தான். நீங்கள் சொன்ன மாதிரி பெரும்பாலானவை முழிக்கின்றன. ஆனால் கடைசி அடுக்கில் இருந்தவற்றின் கண் வேறு மாதிரி. நிதானமான கை, ஒரே ஒரு புள்ளி, ஓரத்தில் வெள்ளைத் துளி. அவற்றைப் பார்த்தால் நிஜமாகவே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. போகப்போகக் கை பழகிவிட்டதா, மாமா?

எலக்ட்ரீஷியனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நன்றாகக் கிண்டல் பண்ணுங்கள், அவர் அதற்குப் பொருத்தமான ஆள். பேட்டரி அறையில் பேட்டரிகளோடு பேசுவார். "இன்னைக்கு என்னம்மா, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று அவர் கேட்டபோது என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் பதில் சொல்லிவிட்டேன். திட்டில் ஸ்பீக்கர் வைத்து, வேறு ஊரில் பதிவு செய்த ஆலாக்களின் சத்தத்தைப் போடுகிறோம். காலையிலிருந்து மாலை வரை ஒரே கிறீச். அதைக் கேட்டுக் கேட்டு இவரும் அதே மாதிரி கத்துகிறார். அறுந்த ரோட்டில் ஜீப்பை இறக்கி ஏற்றிய அன்று, அதிகாரி கழுத்து வரை சேற்றில் நின்றபோது இவர் ஒரு தடவை ஆலா மாதிரி கத்தினார். அதிகாரியே சிரித்துவிட்டார்.

அவருடைய தாத்தாவின் வீடு இங்கேதான் இருந்திருக்கிறது. ராணுவம் காலி செய்யச் சொன்னபோது அவருடைய அப்பா கைக்குழந்தை. போன வாரம் எனக்குக் கிணற்றைக் காட்டினார். புதருக்கு நடுவில், கல் வைத்துக் கட்டிய சின்னக் கிணறு. தண்ணீர் இன்னும் இனிக்கிறது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் படகு, திட்டில் பறவை. முட்டைக்காலத்தில் திட்டுப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு அடி விழுமாம். பூங்கா என்ற பெயர் வருவதற்கு முன்னால் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். "எங்க ஆளுங்களை வெளியே அனுப்பிச்சாங்க, ஆலாவும் சொல்லாம கிளம்பிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கை தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

இன்னும் அங்கங்கே வெடிக்காத குண்டு கிடக்கிறது. பயப்பட வேண்டாம், சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். எது சிவப்பு என்று அவருக்கு மட்டும் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.

மருமகள்

&nbsp;

மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலம் என்று படித்ததும் மனசு நிறைந்தது. கடிதத்தை உன் அத்தைக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். குண்டு விஷயத்தில் பயந்துவிட்டாள். கண்ணுவைத் தனியாக எங்கும் போக வேண்டாம் என்று எழுதுங்கள் என்றாள்.

கை பழகிவிட்டதா என்று கேட்டாய். அப்படித்தான் வைத்துக்கொள்.

நம் பேட்டையில் பெரிய செய்தி ஏதும் இல்லை. என் பழைய ரூட்டில் புது பஸ் விட்டிருக்கிறார்கள். ஒரு நாள் டிக்கெட் எடுத்து முழு ரூட்டும் உட்கார்ந்து வந்தேன். டிரைவர் பையன் திருப்பத்தில் கொஞ்சம் வேகம். சொல்லலாமா என்று யோசித்து, இறங்கும்போது சொல்லியும் விட்டேன். ரிட்டையரானவர்களுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

பறவை வந்ததா? ஸ்பீக்கரில் கத்துவது போதாதென்றால் அந்த மனிதரையே திட்டில் நிறுத்து.

அன்புடன்,
மாமா

&nbsp;

மே 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மிக மிக நலம். வந்துவிட்டன.

ஏப்ரல் பாதி வரை ஒன்றுமில்லை. தினமும் காலையில், பறவைகள் பார்க்காதபடி கட்டிய மறைப்புக்குப் பின்னால் போய் உட்காருவேன். பொம்மைகள் கடலைப் பார்க்கும், நான் பொம்மைகளைப் பார்ப்பேன். அதிகாரி ஒருநாள் வந்து, கார்களுக்கு எந்த வழியாகப் பாதை போடலாம் என்று குச்சியால் மணலில் கோடு போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறு வாரம் ஒரு ஜோடி வட்டமடித்தது. இறங்கவில்லை. அடுத்த நாள் ஒரு ஆண் மட்டும் இறங்கி, ஒரு பொம்மையின் பக்கத்தில் போய் நின்று, பெண்ணுக்குக் கொடுப்பது போல அதற்கு ஒரு மீன் கொடுத்தது. பொம்மை வாங்கிக்கொள்ளவில்லை. ஆண் பறவை காத்திருந்து பார்த்துவிட்டு மீனைக் கீழே வைத்துவிட்டுப் போயிற்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அது நீங்கள் அடித்த முழிக்கிற பொம்மைகளில் ஒன்று, மாமா. அதற்கும் ஆள் கிடைத்துவிட்டது.

இப்போது திட்டில் எங்கே பார்த்தாலும் ஆலா. முட்டை வைக்கத் தொடங்கிவிட்டன. முட்டை கூழாங்கல் நிறம். காலடி பார்த்து வைக்க வேண்டும். நரி வராமல் கழுத்தில் வேலி போட்டாயிற்று. எலிப்பொறிகளைக் காவலாளி பார்த்துக்கொள்கிறார். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டோம், எலக்ட்ரீஷியன் வந்து கழற்றினார். இனி அது தேவையில்லை.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நீளமாக எழுத முடியவில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

&nbsp;

மே 25

அன்பு மருமகளுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். பறவை வந்த சேதியைக் கீழ் வீட்டுக்காரரிடம் முதலில் சொன்னேன். வாத்து என்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தார். உன் அத்தைக்கும் சந்தோஷம்.

ஒன்று கேட்கலாமா? பிப்ரவரி கடிதத்தில் அந்த எலக்ட்ரீஷியன் பாதிக் கடிதத்துக்கு இருந்தார். கத்தினார், சிரித்தார், கிணறு காட்டினார். இந்தக் கடிதத்தில் வந்தார், ஸ்பீக்கரைக் கழற்றினார், போய்விட்டார். ஊரை விட்டு மாற்றிவிட்டார்களா? உடம்பு சரியில்லையா? உங்களுக்குள் சண்டையா?

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. வாழ்க்கை முழுக்க பஸ் ஓட்டியவன் நான். பார்வை ரோட்டில் இருந்தாலும், கண்ணாடியில் பின்சீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் ஓட்டுவேன். பழக்கம் போகவில்லை.

அன்புடன்,
மாமா

&nbsp;

ஜூலை 6

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். நான் நலம். இந்தத் தடவை ரோடு அறுபடவில்லை. தபால் பை ஒவ்வொரு வாரமும் போயிற்று, நான்தான் எழுதவில்லை.

ஜூன் நடுவில் பெரிய அலை வந்தது. மூன்று நாள் விடாத காற்று, பௌர்ணமி வேறு. கடல் திட்டின் மேலேயே ஏறத் தொடங்கியது. எச்சரிக்கை காலையில்தான் வந்தது, மத்தியானத்துக்குள் தண்ணீர் ஏறும் என்றார்கள். கரையில் ஒதுங்கிக் கிடந்த மீன் பெட்டிகளைப் பொறுக்கி, மணல் நிரப்பி, மேலே பள்ளம் பறித்து, முட்டைகளை ஒவ்வொரு கூடாக எடுத்து அதில் வைத்தோம். தாய்ப் பறவை தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு கொத்தும். கூடு இருந்த இடத்திலேயே பெட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. நான், காவலாளி, எலக்ட்ரீஷியன். அதிகாரியும் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்து சுமந்தார். மணலில் கார்ப்பாதைக்குக் கோடு போட்ட அதே மனிதர். முழங்கால் அளவு தண்ணீரில் கடைசிப் பெட்டியை வைத்தோம். மேட்டில் ஏறி நின்று பார்த்தால், தண்ணீரின் நடுவே பெட்டிகள், பெட்டிகளின் மேல் ஆலாக்கள் திரும்ப வந்து உட்காருகின்றன. பாதிக் கூடுகளுக்கு எங்களால் போகவே முடியவில்லை. அவை போய்விட்டன.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். போன கூடுகளுக்காக மட்டும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. எலக்ட்ரீஷியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொத்து வாங்கி நெற்றியில் ரத்தம். அதைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் ஒண்ணு சொல்றதுக்கு நல்ல நேரம் பாத்துட்டே இருந்தேன். அது வராதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

எனக்கு இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

"தெரியும். அவங்களையும் சேர்த்துத்தான் கேக்கறேன்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மே மாதமே எனக்கு இது இப்படித்தான் வரும் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் கடிதத்தில் அவரைக் குறைத்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மாமா, உங்கள் மகனை நான் மறந்துவிடவில்லை. மறக்கவும் மாட்டேன். காலையில் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவர் இருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்வார் என்று இன்றும் நினைக்கிறேன். இந்த மனிதரிடம் அதைச் சொல்ல முடிகிறது. அவர் கேட்டுக்கொள்கிறார். அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும், அத்தையின் சம்மதமும் வேண்டும். அதனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தை என்னைக் கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்தக் காலுறையில் கடைச் சீட்டு இருந்தது. அத்தை விசாரித்ததாக நீங்கள் எழுதியதெல்லாம் நீங்களாக எழுதியது என்று எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். தெரிந்தும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். அது எனக்குத் தேவைப்பட்டது.

ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை சொன்னதாக நீங்களாக எழுத வேண்டாம். அத்தை திட்டினாலும் அதையே எழுதுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதுங்கள்.

மருமகள்

&nbsp;

ஜூலை 19

அன்பு மருமகளுக்கு,

நலம்.

என்னைப் பொறுத்தவரை உன் பிப்ரவரி கடிதம் வந்த அன்றே சம்மதம். நீ மறுபடி சிரித்து எழுதினாய். அது போதும் எனக்கு. அவர் சுவிட்சைச் சரியாகப் போடுகிறவராக இருந்தால் சரி.

உன் அத்தையைப் பற்றி இனி உள்ளதை எழுதுகிறேன். நீ கிளம்பிய அன்று அவள் தூங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து உன் பேரை எடுப்பதில்லை. நான் எடுத்தால் வேறு வேலை பார்ப்பாள். உன் கடிதம் வந்தால் அவள் சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, நான் அதன் வாசற்படியில் நின்று உரக்கப் படிப்பேன். படி என்றும் சொன்னதில்லை, நிறுத்து என்றும் சொன்னதில்லை. அவள் கேட்காததை எல்லாம் நான் கேட்டு எழுதினேன். கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் நிஜம். ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கண் வைக்காமல் வைத்துவிட்டுப் போன பொம்மைகளுக்கெல்லாம் கண் வைத்திருந்தது. வீட்டில் வேறு யார்? நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்திருந்தாள். நான் பிரஷ்ஷைக் கழுவுவதில்லை.

உன் கடிதத்தை அவளிடம் இன்னும் படிக்கவில்லை. படித்த பிறகு அவள் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுகிறேன். இது வாக்கு.

மாமா

&nbsp;

ஆகஸ்ட் 28

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இருவரும் நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் பற்றி ஒரு வரியாவது எழுதக் கூடாதா?

பெட்டிகளில் பொரித்த குஞ்சுகள் பறந்துவிட்டன. அலைக்குப் பிறகு சில ஜோடிகள் மறுபடி முட்டையிட்டன, அவற்றின் குஞ்சுகளும் பறந்துவிட்டன. பறக்கக் கற்றுக்கொள்ளும்போது காற்றில் நேராக நிற்கத் தெரியாமல் தடுமாறி பொம்மைகளின் மேலேயே வந்து விழும். இப்போது திட்டு காலி. தெற்கே போய்விட்டன, வசந்தத்தில் வரும். கார்ப்பாதை கிடையாது என்று அதிகாரி எழுத்தில் கொடுத்துவிட்டார். திட்டுக்குப் போகிற வழியில் பலகை வைத்திருக்கிறோம். அதில் முனையின் கதையையும் எழுதியிருக்கிறோம். யார் யார் வீடு எங்கே இருந்தது என்று எலக்ட்ரீஷியன் தன் அப்பாவை அழைத்து வந்து, பாட்டி அவரிடம் சொல்லி வைத்ததைக் கேட்டுக் கேட்டுப் படம் போட்டார். அப்பா கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வீட்டில் அம்மா சொன்ன ருசி இதுதானா என்றார். அவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது குடித்தது எப்படி நினைவிருக்கும்?

அத்தை என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. என்னால் வீட்டில் சண்டை என்றால், இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரீஷியனிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சரி என்றார். பேட்டரி அறைக்குப் போய்விட்டார். அன்று உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வரி போதும், மாமா.

மருமகள்

&nbsp;

செப்டம்பர் 18

மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உன் மாமாவுக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. அதனால்தான் தாமதம் என்று எழுதச் சொல்கிறார். அது காரணம் இல்லை. நான்தான் எழுதுவேன், நீங்கள் எழுதக் கூடாது என்று பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு எனக்கு எழுத வரவில்லை. பல தாள்களைக் கிழித்தேன்.

உன் ஜூலைக் கடிதத்தை அவர் வாசற்படியில் நின்று படித்தார். ஒரு வரி விடவில்லை, காலுறையைக்கூட. நான் குழாயைத் திறந்துவிட்டேன். அவர் உள்ளே வந்து குழாயை மூடிவிட்டு, "இந்தத் தடவை நீ ஏதாவது சொல்லணும். நானா எழுத மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். போய் வேலையைப் பாருங்கள் என்றேன். மறுநாள் அவர் வெளியே போனதும் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து நானே படித்தேன். காதில் விழுவது வேறு, உட்கார்ந்து படிப்பது வேறு.

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நீ வேலைக்குப் போனதில் இல்லை. அவன் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து அழ இருந்தது நீ ஒருத்திதான். உன் மாமா என் முன்னால் அழ மாட்டார், குளியலறைக்குப் போய்விடுவார். நீ பெட்டியைத் தூக்கியதும் எனக்கு யாரும் இல்லாமல் போயிற்று. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போய் வா என்றும் சொல்ல வரவில்லை. கதவைச் சாத்தத்தான் வந்தது.

நீ கேட்ட விஷயம். முதலில் எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பையன் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவரா என்று இருந்தது. பிறகு, அவனைப் பற்றி நீ பேசினால் அந்த மனிதர் கேட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த பலர், அவன் பேரை எடுத்ததும் பேச்சை மாற்றுகிறார்கள்.

அவங்களையும் சேர்த்துத்தான் என்றாராமே, அது வாய் வார்த்தையா இல்லையா என்று நேரில் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். வருவதற்கு முன்னால் எனக்குச் சில பதில் வேண்டும். குடிப்பாரா? கோபம் வந்தால் பாத்திரத்தை எறிவாரா? பைக் ஓட்டுவாரா? பைக் இருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளேயிருந்து யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று இன்னொரு தடவை உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. உன்னையும் உட்கார விடமாட்டேன்.

உன் அத்தை

மேலே இருப்பதில் ஒரு சொல்லும் என்னுடையதில்லை. - மாமா

&nbsp;

அக்டோபர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உறையின் மேல் இருந்த கையெழுத்து யாருடையது என்று தெரியாமல், தப்பாக வந்த கடிதம் என்று தபால் பையிலேயே திருப்பிப் போடப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் உங்கள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். மாமாவுடையதைவிட அழகாக இருக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டாம்.

கேட்டதற்குப் பதில். குடிப்பதில்லை. கோபம் வந்தால் எறிய மாட்டார், பாட்டுப் பாடுவார். எறிவதே மேல் என்று நீங்களும் நினைப்பீர்கள்.

பைக் இருந்தது. உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வராந்தா பற்றிய வரி வந்ததும் நிறுத்திவிட்டேன், மீதியை அவர் வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பைக்கைத் துண்டுதுண்டாகக் கழற்றி வைத்திருக்கிறார். எஞ்சினைத் தண்ணீர் பம்புக்கு மாட்டப்போகிறாராம். சக்கரம் காவலாளியின் கைவண்டிக்கு. "அத்தைகிட்ட சொல்லிடுங்க, இனி திரும்ப மாட்டவும் முடியாது" என்றார். அத்தை என்றே சொன்னார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறோம். மாமாவை ஸ்டாண்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்தால் டிரைவருக்குப் புத்தி சொல்வார்.

அத்தை, நான் கிளம்பிய அன்று கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் தூங்கவில்லை என்று தெரிந்தும் தட்டாமல் வந்துவிட்டேன். வந்ததும் மாமாவையும் இவரையும் டீ வாங்கி வர அனுப்பிவிடுவோம். மெதுவாக வரட்டும். அதுவரை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து உங்கள் பையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் மருமகள்